மகனுக்குச் சொல்லாத வயது

சென்ற மே மாதத்தில் ஓர் இரவு, றெஸ்ரோறன்ற் வேலை முடிந்து ஒஷாவாவிலுள்ள வீட்டுக்கு வந்தபோது மகன் உறங்காமலிருந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. ஒன்ராறியோவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மே 18உடன் முடியும் வாரம் தமிழினப் படுகொலை பற்றிய அறிவூட்டல் வாரம். அதையொட்டி எங்கோ எதையோ கேட்டிருக்கிறான்.

"அப்பா, நீங்கள் பெடியனா இருக்கேக்க என்ன செய்தனீங்கள்?"

"படிச்சனான்" என்றேன். அது பொய்யல்ல, பதிலும் அல்ல.

நாம் எமது இளமையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று எவரும் குறைகூற முடியாது. குப்பி விளக்கு, பங்கர், 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் சீனிக்கு நின்ற சங்கக்கடை வரிசை எல்லாவற்றையும் சொல்கிறோம். ஆனால் எப்போது சொல்கிறோம்? பிள்ளை புள்ளி குறைவாக எடுத்துவரும்போது, கோப்பையில் சோற்றை மிச்சம் விடும்போது. எமது துன்பத்தை அவன் தலையில் குட்டுவதற்கு எடுக்கிறோம்.

1919இல், தனது 36ஆவது வயதில், பிரான்ஸ் கஃப்கா தகப்பனுக்கு நீண்ட கடிதமொன்றை எழுதினார். சிறுவயதில் ஊரூராக வண்டில் தள்ளிய கதையைத் தகப்பன் ஓயாமல் சொல்வார். அக்கதைகள் மகனுக்கு உற்சாகமூட்டியிருக்கக்கூடும். குற்றச்சாட்டாகச் சொல்லப்பட்டதால் அப்படி ஆகவில்லை என்பது கஃப்காவின் முறைப்பாடு. அந்தக் கடிதம் தகப்பனின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை.

நாம் சொல்லாமல் விடுவது எதை? என்னுடையதைச் சொல்கிறேன். 2005இல் நான் உயர்தர வகுப்பு மாணவன். ஒருநாள் வகுப்புக்குப் பிரசாரத்திற்கு வந்தார்கள். பேச்சின் முடிவில் என் பக்கத்து மேசை நண்பன் எழுந்து நின்றான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். எல்லோரிலும் பலமாகத் தட்டியவன் நான். அதற்கு முந்தைய கிழமை முழுவதும், போகத்தான் வேண்டும் என்று அவனோடு வாதாடியவனும் நானே. அன்று மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். பிறகு பல்கலைக்கழகம் போனேன், அதையும் முடிக்காமல் இங்கு வந்தேன். அவனைப்பற்றி 2009 மேக்குப் பின்னர் எவருக்கும் எதுவும் தெரியாது.

இதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா? தகப்பனின் மதிப்புக் குறையும் என்பார்கள். என்றோ ஒருநாள் தானாகக் குலையப்போகும் மதிப்பைக் காப்பதில் எனக்கு அக்கறையில்லை. எனக்கிருந்த தயக்கம் வேறு. காந்தி பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடியதைக் கடிதமாக எழுதி, நோயுற்றிருந்த தகப்பனிடம் கொடுத்தார். தகப்பன் கண்ணீர்விட்டு, ஒன்றும் பேசாமல் அதைக் கிழித்துப்போட்டார். பிள்ளை தகப்பனிடம் பாவத்தை இறக்கிவைக்கலாம், தாங்குவதற்குத்தான் தகப்பன். தகப்பன் பிள்ளையிடம் இறக்கிவைப்பது நியாயமா? என் மனம் ஆறுவதற்காக அவன் நித்திரையைக் கெடுப்பதும் ஒருவகைத் திருட்டல்லவா?

பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் கேட்டதற்கு மட்டும் சொல்வது. புத்திமதி சேர்க்காமல் சொல்வது. மன்னிப்பை எதிர்பாராமல் சொல்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக்வியூ பூங்காவில், ஏரிக்கரையில் நடந்தபடி சொன்னேன். "அப்ப நீங்களும் சின்னப்பிள்ளைதானே" என்று சொல்வான் என எனக்குள் ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும். எதிர்பார்க்கக்கூடாது என்று தீர்மானித்தவன்தான் எதிர்பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சத் தூரம் நடந்தபின் கேட்டான்:

"அவற்ற அம்மாவோட நீங்கள் கதைச்சனீங்களா?"

நான் கதைக்கவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்தியபோது, அந்தப் படங்களில் அவன் அம்மாவின் முகத்தைத் தேடியிருக்கிறேன். காணாதபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் மகனிடம் சொன்னேன்.

நாம் ஏன் உண்மையைச் சொல்லத் தயங்குகிறோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. பிள்ளை கெட்டுப்போவான் என்ற பயம் அல்ல அது. உண்மையைக் கேட்டவனுக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. குப்பி விளக்குக் கதைக்கு எந்தப் பிள்ளையும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. இந்த வயதெல்லாம் இந்தக் கதை என் மனச்சாட்சியைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன். இதில் ஒரு தாய் இருக்கிறாள் என்பதை மகன்தான் நினைவூட்டினான்.

ஊரிலுள்ள ஒருவரிடம் அந்த அம்மாவின் தொலைபேசி இலக்கம் கேட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டதா என்று மகன் இடைக்கிடை விசாரிக்கிறான்.