எவ்வளவு படித்தால் போதும்?

பட்டயக் கணக்காளரைத் தமிழ்நாட்டில் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆடிட்டர் என்றுதான் சொல்கிறார்கள். ஆடிட்டர் ஆவதற்கான கடைசிப் படி சி.ஏ. ஃபைனல். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் இதை நடத்துகிறது. 2024 மே முதல் நடப்பிலுள்ள பாடத்திட்டத்தில் இரண்டு குரூப், ஆறு தாள். நிதி அறிக்கை, நிதி மேலாண்மை, தணிக்கை ஆகியவை முதல் குரூப். நேரடி வரி, மறைமுக வரி, எல்லாப் பாடங்களையும் கலந்து கேட்கும் திறந்த புத்தகத் தாள் ஆகியவை இரண்டாவது. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும். குரூப்பின் 300 மதிப்பெண்ணில் 150-உம் வேண்டும். ஒரு குரூப்பை மட்டும் எழுதி, மூன்று தாளிலும் நாற்பதைத் தாண்டிவிட்டு மொத்தம் 148 எடுத்தவர் மீண்டும் எழுத வேண்டியதுதான்.

தேர்வுக்கு முன் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் இரண்டு ஆண்டு நேரடிப் பணிப் பயிற்சி இருக்கிறது. செப்டம்பரில் வரித் தணிக்கைக் கெடு, ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை என்று அந்த ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இரவு வீடு திரும்பிப் புத்தகத்தைத் திறப்பவருக்கு நான்கு பக்கம் தாண்டினாலே பெரிது. ஆகவே ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்தபின் கிடைக்கும் ஆறு மாதத்தில்தான் முழுமூச்சான படிப்பு தொடங்குகிறது. கழகத்தின் பாடநூல் தொகுதிகள், பயிற்சி மையத்தின் குறிப்புகள், ஆர்.டி.பி. என்னும் திருப்புதல் வினாத்தாள்கள், மாதிரித் தேர்வுகள், பழைய வினாக்களுக்கான விடைகள் எல்லாம் மேசையில் ஏறுகின்றன. எவ்வளவு படித்தால் போதும் என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குப் பலரும் மணிக்கணக்கில் விடை தேடுகிறார்கள்: நாளுக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். உண்மையான அளவுகோல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான். மாலை 5 மணிக்கு ஒரு தாள் முடிந்தால், மறுநாள் கழிந்து அடுத்த நாள் பகல் 2 மணிக்கு அடுத்தது. நடுவே 45 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கம், சாப்பாடு, போக்குவரத்து, எழுதிவிட்டு வந்த அலுப்பு எல்லாவற்றையும் கழித்தால் படிக்க மிஞ்சுவது இருபதிலிருந்து இருபத்தைந்து மணி நேரம். ஒரு முழுப் பாடம் அதற்குள் கண்முன் ஓடி முடிய வேண்டும். முடியாவிட்டால் ஆறு மாதம் படித்ததில் பாதி அன்று கைக்கு எட்டாது. நன்றாகத் தயாராகிறவர்கள் இதை முதலிலேயே உணர்ந்து பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுகிறார்கள். முதல் வாசிப்பில் நூறு பக்கமாக இருந்த அத்தியாயம் இரண்டாவதில் பதினைந்து பக்கக் குறிப்பாகிறது. மூன்றாவதில் இரண்டு பக்கமாகச் சுருங்குகிறது. எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. படிப்பைவிடக் கடினமான வேலை இதுதான்.

அடுத்தது கை. நிதி அறிக்கைத் தாளுக்குப் படிப்பவர் குத்தகைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். தீர்வைப் படிக்கிறார், ஒவ்வொரு வரியும் புரிகிறது, பேனா மூடியபடியே கிடக்கிறது. அதே கணக்கை மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டால், தவணைகளின் இன்றைய மதிப்பு வரை வருகிறது. பிறகு வட்டியை எந்த நிலுவையின்மேல் கணக்கிடுவது என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. புரிந்ததற்கும் தெரிந்ததற்கும் உள்ள தூரம் அந்த இடத்தில்தான் தெரியவருகிறது. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 14 மதிப்பெண் வினாவுக்குச் சுமார் 25 நிமிடம். நின்று யோசிக்க அதில் இடமில்லை. திறந்த புத்தகத் தாளுக்கு 4 மணி நேரம் உண்டு, புத்தகமும் உண்டு. ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் அந்தப் புத்தகம் உதவும்.

போதும் என்ற கேள்விக்கு இந்தத் தேர்வின் பாடம் ஒன்றிலேயே விடை இருக்கிறது. தணிக்கையாளர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை. தணிக்கைத் தரநிலை 200 அவரிடம் கேட்பது நியாயமான உறுதி. முழு உறுதியை அது கேட்பதில்லை. எவ்வளவு பெரிய பிழை முடிவை மாற்றும் என்று தரநிலை 320-இன்படி ஓர் அளவை வைக்கிறார். கண்ணில் படாத பிழைகளுக்கு இடம்விட்டு, அதற்கும் குறைவான ஓர் அளவை வைத்து வேலை செய்கிறார். பிறகு கையொப்பம் இடுகிறார். பார்க்காமல் விட்டவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையொப்பம் பொறுப்பேற்கிறது. இதைத் தெளிவாக எழுதி மதிப்பெண் வாங்கக்கூடிய மாணவரே, இரவு இரண்டு மணிக்கு, ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும் என்று எட்டாவது தொகுதியோடு போராடிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வேண்டிய இடத்தில் அறுபதைக் குறிவைப்பதும் அதே தணிக்கைப் புத்திதான். அந்த இடைவெளி, தவறப்போகும் வினாக்களுக்கானது. ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் அறுந்துபோகிறது. சான்று கிடைக்காத தணிக்கையாளர் அதைத் தன் அறிக்கையில் குறிப்பிடலாம். மாணவருக்கு விடைத்தாளில் அப்படி ஓர் இடம் கிடையாது. விட்டுவிட்ட அத்தியாயத்திலிருந்து கேள்வி வந்தால் அந்த இழப்பை மௌனமாக ஏற்க வேண்டும். அந்த இழப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவருக்குத்தான் தேர்வுக்கு முந்தின இரவு தூக்கம் வருகிறது.

இந்த ஆண்டுகள் இருபதுகளின் நடுவில் வருகின்றன. உடன் படித்தவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், வீட்டுக் கல்யாணத்தில் "இன்னும் முடிக்கலையா?" என்று ஒரு சித்தப்பா கேட்கிறார். அவர் கேட்பது அக்கறையில்தான், வலிப்பதும் உண்மைதான். 2025 முதல் ஃபைனல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. முடிவு வர ஏறக்குறைய இரண்டு மாதம். தேறாதவருக்கு அடுத்த அட்டெம்ப்டுக்கு மீதி இருப்பது இன்னொரு இரண்டு மாதம். எழுதி முடித்ததும் மறுபடி படிப்பதா, முடிவு வரும்வரை ஓய்வெடுப்பதா என்பதை அவரவர் தாம் எழுதியதை நேர்மையாக எடைபோட்டுத்தான் முடிவு செய்ய முடியும். குரூப் போனாலும் ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளில் விலக்கு உண்டு. மற்ற தாள்களில்தான் பாடு.

மீண்டும் எழுதுகிறவர் பழைய நோட்டையே திறக்கிறார், ஆனால் அதற்குள் சட்டம் மாறியிருக்கலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 அன்று வந்தமர்ந்தது. ஆண்டுக்கணக்கில் மனப்பாடமாயிருந்த பிரிவு எண்கள் மாறிவிட்டன. புதிய சட்டத்துக்குப் படிப்பவரின் நோட்டில் 80சி அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு மையில் 123 என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே இருக்கும் விளக்கம் பழைய கையெழுத்திலேயே நிற்கிறது.