ஒரே முகாம், இரண்டு கணக்கு

எல்லையில் நிற்கும் சிப்பாய்க்குச் சாப்பாடு முகாமிலேயே கிடைத்துவிடும். பருப்பு விலை ஏறினால் அது சுடுவது உப்பள ஊரான ஆறுமுகநேரியில் பலசரக்குக் கடைக்குப் போகும் அவர் மனைவியைத்தான். படைவீரரின் அகவிலைப்படி உண்மையில் அந்த வீட்டுக்கான பணம்.

அதன் கணக்கு நாடு முழுவதற்கும் ஒன்று. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான அனைத்திந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 12 மாதச் சராசரியைப் பார்த்து, ஜனவரியிலும் ஜூலையிலும் சதவீதத்தை மாற்றுகிறார்கள். 2024 ஜனவரியில் அது 50 சதவீதம். அடிப்படைச் சம்பளமும் ராணுவப் பணி ஊதியமுமாக 26,900 ரூபாயில் தொடங்கும் சிப்பாய்க்கு 13,450. 1,55,100-ல் தொடங்கும் பிரிகேடியருக்கு 77,550. அரிசி விலை இருவருக்கும் ஒன்றுதானே என்று கேட்பதில் நியாயம் உண்டு. நான்காவது ஊதியக் குழுவின் முறையில் கீழ்நிலைக்கு முழு ஈடும், மேலே போகப் போகக் குறைந்த ஈடும் கிடைத்தன. ஐந்தாவது குழுவுக்குப் பின் எல்லாருக்கும் முழு ஈடு. பிந்தையதே சரி. இன்ன பதவிக்கு இன்ன சம்பளம் என்று ஒப்புக்கொண்டபின், விலைவாசி அதை அரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது வாக்குத் தவறுவதாகும். இடைவெளி பெரிதென்றால் சம்பளத்திலேயே குறைக்கட்டும்.

அந்த வாக்கு 2020-ல் தவறியது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. எல்லையில் கல்வான் மோதலும் அதே மாதங்களில்தான் நடந்தது. நெருக்கடியில் தள்ளிவைத்ததை ஏற்கலாம். நிலுவையைக் கடைசிவரை தராமல் விட்டதை ஏற்க முடியாது.

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தின் குறை இன்னும் ஆழமானது. அதில் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீருக்கு அகவிலைப்படியே கிடையாது. முதலாண்டில் மாதம் 30,000, நான்காம் ஆண்டில் 40,000 என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். பணி முடிவில் கிடைக்கும் சேவா நிதிக்கு 30 சதவீதம் பிடித்தபின் முதலாண்டில் கைக்கு வருவது 21,000. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத உயர்வு விலையேற்றத்தை ஈடுகட்டிவிடும் என்பார்கள். சாதாரண ஆண்டுகளில் ஈடுகட்டலாம். விலை எகிறும் ஆண்டில் துண்டு விழுவதை யார் தாங்குவது? நிரந்தரச் சிப்பாய்க்கு அரசு தாங்குகிறது. பக்கத்தில் அதே துப்பாக்கியோடு நிற்பவருக்கு அவர் வீடு தாங்க வேண்டும். நான்கு ஆண்டுப் பணி என்பது இதற்குப் பதிலாகாது. விலைவாசி பணிக்காலம் பார்த்து ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோடுகூட விலைவாசிக்கேற்ப மாறும் பஞ்சப்படி உண்டு. உப்பளக் கூலியில் வளர்ந்து அக்னிவீராகப் படைக்குப் போகும் ஆறுமுகநேரி இளைஞன் அந்தக் காப்பை இழந்துவிட்டுத்தான் சீருடை அணிகிறான். அவனுடைய சம்பளத்தோடும் நிரந்தரச் சிப்பாய் பெறும் அதே சதவீதத்தைச் சேர்க்கத் தனிக் குறியீட்டெண்ணோ புதிய குழுவோ வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.