பாட்டுக்கு ஆள், பாடியவருக்கு ஆள்

தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வரும். தமிழரும் சிங்களவருமாகப் பஸ் பிடித்து வந்து மரநிழலில் தங்குவார்கள். இலங்கையில் யாத்திரை பஸ்ஸுக்கும் பைலா என்னும் துள்ளல் பாட்டுக்கும் பிரிக்க முடியாத உறவு. பின் இருக்கையில் ஒருவர் ரபானைத் தட்டினால் போதும், பஸ் முழுவதும் கைதட்டும். அங்கே பாடுபவர் கேட்பவரைத் தேடி அலைவதில்லை. வேறொரு காரணத்துக்காகத் திரண்ட கூட்டத்துக்குள் பாட்டு நுழைந்துகொள்கிறது.

சொந்தமாகப் பாட்டு செய்து வெளியிடும் இன்றைய கலைஞருக்கு இந்த வரிசை தலைகீழ். பாட்டு முதலில், கூட்டம் பிறகு. பதிவு செய்வது எளிதானதே இடைஞ்சலாகவும் ஆயிற்று: 2023இல் உலகெங்கும் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒலித்தடங்கள் இணையத்தில் ஏறின. பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு 2024 முதல் ஸ்பொட்டிஃபை உரிமைத்தொகை கொடுப்பதில்லை. தொள்ளாயிரம் பேர் என்பது ஊர் மேடைக்கு நல்ல கூட்டம். அந்தக் கணக்கில் பூச்சியம்.

கூட்டம் சேர்ந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பாட்டுக்கு ஆள் கிடைப்பது வேறு, பாடியவருக்கு ஆள் கிடைப்பது வேறு. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழும் சிங்களமும் கலந்த பைலா. கடல் கடந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளும் புகுந்தது. சுற்றுலா பஸ்களில் அதைப் பாடிய எத்தனை பேருக்கு மனோகரனைத் தெரிந்திருக்கும்? தமிழகத்தில் அவர் ‘சிலோன் மனோகர்’. பெயரோடு ஊரும் ஒட்டிக்கொண்டது. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் தலவிலவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த காப்பிரி மக்கள் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியில் ‘மஞ்சா’ பாடுகிறார்கள். சிரட்டை, கரண்டி, போத்தல் எல்லாம் தாளமாகும். பைலாவின் வேர்களில் ஒன்று இந்த இசை. பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் அத்தகைய மெட்டுகளைச் சிங்களத்தில் பாட, பைலா நாடெங்கும் பரவியது. மஞ்சா மட்டும் தன் ஊரிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரியாது, ஒலிகளை மனப்பாடம் செய்தே பாடுகிறார்கள். ஆனாலும் அங்கே பாடுபவர் யார், யாருடைய பேரன் என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரியும். ஆயிரம் முகமற்ற செவிகளைவிட அது பெரிய வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

கொழும்பிலிருந்து தலவிலவுக்குப் பைலா பாடி வரும் பஸ்கள் பாலாவியில் கல்பிட்டிப் பக்கம் திரும்பிவிடும், சிரம்பியடிவரை போவதில்லை.