அறிந்ததைச் சொல்லும் அமானத்

தம் வீட்டில் கொள்ளை நோய் புகுந்திருப்பதை அறிந்த ஒருவர் அதனைப் பிறருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவரா? ஆம் என்று எவரும் தயங்காது விடை கூறிவிடுவர். அறிவித்தால் வாசலில் தகரம் அடிக்கப்படும், மகளின் நிக்காஹ் நின்றுபோகும், அண்டை வீட்டார் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று தெரிந்த பின்னரும் கடமைப்பட்டவரா? 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது நம் குடும்பங்கள் பலவற்றின் முன் நின்ற கேள்வி இதுவே. அந்நாட்களின் பரபரப்பு அடங்கிவிட்ட இப்போதுதான் இதனை நிதானமாக ஆராய்ந்து பார்க்க இயலுகிறது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் (கி.பி. 639) கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணமானார்கள். ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அபூ உபைதா (ரலி) உள்ளிட்ட படைத்தலைவர்கள் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளை நோய் கண்டிருப்பதைத் தெரிவித்தார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் கலீபா ஆலோசனை கேட்டார்கள்; இரு சாராரும் தமக்குள் கருத்து வேறுபட்டனர். குறைஷி முதியவர்களோ திரும்பிவிடுவதே நலம் என்று ஒருமித்துரைத்தனர். அவ்வாறே முடிவாயிற்று. இறைவனின் விதியிலிருந்தா ஓடுவது என்று அபூ உபைதா வினவ, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் விடையிறுத்தார்கள்.

இந்நிகழ்ச்சி நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவதுதான். கழா கத்ர் பற்றிய விளக்கத்தோடு பேச்சாளர்கள் அதனை முடித்துவிடுவார்கள். நம் கவனத்தை ஈர்ப்பது அதன் பிற்பகுதி. ஏதோ தேவையின் நிமித்தம் அங்கில்லாதிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) பின்னர் வந்து, இதுபற்றித் தமக்கு ஒரு செய்தி தெரியும் என்றார்கள். நோய் கண்ட ஊருக்குள் செல்லலாகாது, தாமிருக்கும் ஊரில் அது கண்டால் அதற்கு அஞ்சி வெளியேறலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டிருந்ததை எடுத்துரைத்தார்கள். கலீபா இறைவனைப் புகழ்ந்து மதீனா திரும்பினார்கள். அத்தனை பேர் கூடிய இடத்தில் அச்செய்தியைக் கொணர்ந்தவர் ஒருவரே. அதைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. படையின் மனம் தளரும் என்று கருதித் தலைவர்களும் நோயை மறைக்கவில்லை. கலீபாவின் முடிவையே வினாவியவர் அதற்காகத் தாழ்த்தப்படவுமில்லை. சொல்வதற்கு அச்சமில்லாத இடத்தில்தான் இவையெல்லாம் நடைபெறும்.

நபிமொழியின் இரண்டாம் பகுதியை ஊன்றி நோக்குவோம். நோயுள்ள ஊரைவிட்டு வெளியேறாதே என்பது எளிய கட்டளையன்று. வெளியூரார் நலமாயிருக்க, உள்ளூரான் தன் உயிரை ஆபத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. அவனுக்கு மார்க்கம் தருவது என்ன? பொறுமையுடன் தங்கியிருப்பவனுக்கு ஷஹீதின் நற்கூலி! அதாவது, யாரை அடங்கியிருக்கச் சொல்கிறதோ அவனுக்கே உயர்ந்த கண்ணியத்தையும் வழங்குகிறது. அபூ உபைதா அவர்கள் தம் படையினரைப் பிரிய மனமின்றி ஷாமிலேயே தங்கி, அந்நோயிலேயே காலமானார்கள். அவர்களை நோயைப் பரப்பியவர் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கண்ணியத்தை நீக்கிவிட்டுக் கடமையை மட்டும் ஒருவனிடம் கேட்பது நீதியாகுமா?

2020இல் அப்படித்தான் கேட்கப்பட்டது. தில்லி நிஜாமுத்தீனில் தப்லீக் ஜமாஅத்தினர் கூடியிருந்ததில் நோய் பரவியது உண்மை. ஆயின், அங்கிருந்து திரும்பியோர் சோதனைக்கு முன்வர வேண்டுமென்று அழைப்பு விடப்பட்ட அதே நாட்களில், அவர்களைக் குற்றவாளிகளாகச் சித்தரித்தன தொலைக்காட்சிகள் பல. அக்கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டவர் சிலர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்துச் செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடாக்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்று கருத்துரைத்தது. இலங்கையில் நிலைமை இன்னும் கொடிது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 பிப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கிற்று. மார்ச்சு முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அரசு மன்னிப்புக் கோரியது 2024இல். தந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அவருடைய மையித்துக்குக் கஃபனிட்டு அடக்கவும் வழியில்லாது போகலாம் என்று அஞ்சிய மகனை, ஏன் மறைத்தாய் என்று எந்த முகத்தோடு கேட்பது?

எனினும், அவன் மறைத்தது சரியென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. மறைத்ததனால் நோயுறுபவர் அவனைப் பழித்தவரல்லர். அவர் அதே ஸஃப்பில் தோளொட்டி நின்று தொழுதவராக இருப்பார். மருந்துக்கடைப் பையனாக இருப்பார். ஊசி போட வந்த செவிலியாக இருப்பார். பழித்தவனோ தொலைக்காட்சிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறான்.

ஐவேளை உளூச் செய்பவரை இந்நோய் அணுகாது என்றும், பரிசோதனையே சூழ்ச்சி என்றும் நம்மவரிடையே உலவிய பேச்சுகளையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மகள்மார் மூவரைத் தாவூனுக்குப் பறிகொடுத்த ஹதீஸ் கலைப் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ, அந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதியவர். ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோவில் மக்கள் மூன்று நாட்கள் நோன்பிருந்து, பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்துத் திரும்பினர். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த சாவு, அம்மாதம் முடியுமுன் ஆயிரத்தைத் தாண்டிற்று என்று அவரே பதிவு செய்துள்ளார். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது என்னும் கருத்தை அவர் ஏற்றவருமல்லர்! தம் கொள்கைக்கு இசையாததாயினும் கண்ணாற் கண்டதை அவர் மறைக்கவில்லை. கூட்டுப் பிரார்த்தனையின் பெருமை குன்றுமே என்றும் அஞ்சவில்லை.

நாமறிந்த பெரியவர் ஒருவர், தமக்கு நோய் உறுதியான அன்றிரவே, முந்திய நாட்களில் தம்மோடு உட்கார்ந்து பேசியவர்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். சிலர் கடிந்துகொண்டனர். ஒருவர் பாதியிலேயே துண்டித்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் மட்டும், இராச்சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள், கஞ்சி காய்ச்சி வாசலில் வைக்கட்டுமா என்று கேட்டாராம்.