யாருடைய மணி நேரம்?

மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான தீவிர பிசியோதெரபித் திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. வாரம் ஒருநாள், அரைமணி நேரம் என்று வருடக்கணக்கில் அலைந்து ஓய்ந்த பெற்றோருக்கு இது கடைசிக் கதவு போலத் தெரிகிறது. அப்பா சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறார். மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விடுகிறார்கள். வளையல் அடகுக்குப் போகிறது. மையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துத் தங்குகிறார்கள். முதல் நாள் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: நடப்பானா?

அந்த அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கனடாவின் ஒன்டாரியோவில் 600க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. இக்குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய இயக்கத்திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் மூன்று வயதுக்குள்ளேயே. இந்த எண்களைப் படிக்காத தாய்க்கும் நாள் நழுவுவது தெரியும்.

அந்த மூன்று வாரத்தில் பலன் தருவது எது என்பதுதான் கேள்வி.

சிலர் உடையைக் காட்டுவார்கள். எடையற்ற வெளியில் தசை இளைக்காமலிருக்க சோவியத் விண்வெளி வீரர்கள் மீள்நாடாக்கள் பூட்டிய ஓர் உடையை அணிந்தார்கள். அதிலிருந்து வந்தது, இக்குழந்தைகளுக்குப் பயிற்சியின்போது அணிவிக்கும் ‘அடேலி’ உடை. 2006இல் இஸ்ரேலில் 24 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்த உடையோடும் இன்னொன்றுக்கு வழக்கமான முறையிலும், நான்கு வாரம் ஒரே அளவு தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உட்கார்வதிலும் நிற்பதிலும் நடப்பதிலும் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

சிலர் கையைக் கட்டுவார்கள். உணர்வு நரம்பை வெட்டிய கையைக் குரங்கு அப்படியே விட்டுவிடுவதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் கண்டார். அந்தக் கையால் அசைய முடியும். ஆனால் தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்றதால், அப்படி ஒரு கை இருப்பதையே குரங்கு மறந்துவிடுகிறது. நல்ல கையைக் கட்டினால் விட்ட கை மறுபடி வேலைக்கு வருகிறது. ஒருபக்கம் செயலிழந்த குழந்தையின் நல்ல கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, நாளுக்கு ஆறு மணி நேரம் மறுகையைப் பழக்கும் முறை இதிலிருந்துதான் வந்தது. பலனும் கிடைத்தது. பிறகு நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். பொத்தான் போடவும் பந்து பிடிக்கவும் இரண்டு கையும் வேண்டுமே. கட்டே இல்லாமல், இரு கையும் சேர்ந்தால்தான் ஆடமுடியும் என்கிற விளையாட்டுகளைக் கொடுத்து, அதே அளவு நேரம் பழக்கினார்கள். கைத்திறன் ஏறத்தாழ அதே அளவு கூடியது.

அப்படியானால் மணிக்கணக்குதான் மருந்தா? இங்கிலாந்தில் ஈவா பவர் குழுவினர் 1996இல் 44 குழந்தைகளோடு இதைச் சோதித்தார்கள். இரண்டு வாரத்தில் சிலருக்குப் பயிற்சி நேரம் கூட்டப்பட்டது. சிலருக்கு ‘நாற்காலியிலிருந்து தானே எழுவது’ போன்ற, கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய குறிக்கோள் வைக்கப்பட்டது. திறன் கூடியதற்கு நேரத்தைவிடக் குறிக்கோளே அதிகம் துணைநின்றது. 2001இல் 56 குழந்தைகளுக்கு ஆறு மாதம் நீட்டிப் பார்த்தார்கள். தீவிரப் பயிற்சி தெளிவான கூடுதல் பலன் தரவில்லை. சில குடும்பங்களுக்கு அது களைப்பிலும் மன அழுத்தத்திலும் போய் நின்றது.

நியூயார்க்கில் நேரம் பலித்தது, இங்கிலாந்தில் பலிக்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான். பயிற்சி மேசையில் குழந்தை மல்லாந்து அழ, பெரியவர் ஒருவர் அதன் விறைத்த காலை மடக்கி நீட்டுகிற ஒரு மணி நேரம் அந்தப் பெரியவருடையது. எட்டாத தூரத்தில் உருண்ட பந்துக்காகக் குழந்தை தானே இடுப்பைத் திருப்பி, சாய்ந்து, விழுந்து, மறுபடி கையூன்றுகிற பத்து நிமிடம் குழந்தையுடையது. கடிகாரம் இரண்டையும் ஒரே மாதிரி எண்ணுகிறது, மூளை அப்படி எண்ணுவதில்லை. ஆசைப்பட்டு, தானே முயன்று, தவறி, திருத்திக்கொண்டதைத்தான் அது சேமிக்கிறது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013இல் இத்துறை ஆய்வுகளையெல்லாம் திரட்டி, போக்குவரத்து விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தபோது, குழந்தை ஒரு குறிக்கோளுக்காகத் தானே செய்து பழகும் முறைகள் பச்சையில் வந்தன. வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டமும் பச்சையில்தான் இருந்தது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, நடக்கவே போகாத குழந்தைகளை. தீவிரத் திட்டங்களின் விளம்பரப் படங்களில் அவர்கள் இருப்பதில்லை. கியூபெக்கில் மிகக் கடுமையான பாதிப்புள்ள ஐந்து குழந்தைகளை மட்டும் எடுத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. வாரம் நான்கு முறை என நான்கு வாரம் பயிற்சி, அடுத்த எட்டு வாரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபடி. குழந்தைகள் முன்னேறினார்கள், விடுமுறையிலும் பெற்றதை இழக்கவில்லை. ஐந்தே பேர், இதைவைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் அந்த எட்டு வாரத்தை நான் மதிக்கிறேன். தலை சற்றே நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியும். சோறு புரையேறாமல் இறங்கும். சாய்ந்து உட்கார்ந்து அண்ணன் ஆடுவதைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்க அதற்கு நாள் வேண்டும். ஒரு குழந்தையின் ஐந்து வருடத்தையும் பிற்பாடு வாழப்போகும் வாழ்க்கைக்கான ஒத்திகையாக்கிவிட்டால், அது வாழ்ந்ததுதான் எப்போது?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போய்ப் பயிற்சி தருகிறார்கள். வீட்டுத் திண்ணையும் சாப்பாட்டுத் தட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கேயே இருப்பதால், குழந்தைக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்காது. மூன்று வார மையங்களாலும் இது முடியும். முதல் நாள் தசை விறைப்பை அளப்பதற்கு முன்னால், இந்தப் பிள்ளை தானே செய்ய ஆசைப்படுவது எது என்று அதனிடம் கேட்க வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கும் கண் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மறுப்பும் இருக்கிறது. அதைக் கேட்க நேரம் ஒதுக்காத மையம் எத்தனை கருவி வைத்திருந்தாலும், என்னிடம் யோசனை கேட்கும் பெற்றோரை நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.