டி.சி. கொடுத்தால் கடன் தீருமா?

2025 ஏப்ரல் 15. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப் பைக்குள் அரிவாளை வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தான். உடன் படிக்கும் மாணவனை வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. ஒரு பென்சிலால் வந்த பிணக்கு என்று செய்திகள் கூறின. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாயின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாடே அறியும். பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவனோடு படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் தப்பவில்லை.

இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் ஊர் முழுக்க ஒரே குரல்தான் எழுகிறது: “இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புங்கள்.” பெற்றோர் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள், ஆசிரியர் அறையிலும் சொல்கிறார்கள். அரிவாள் எடுத்தவன்மேல் மட்டும் இந்தக் குரல் நிற்பதில்லை. கையில் சாதிக் கயிறு கட்டியவன், கஞ்சாவோடு பிடிபட்டவன், அப்பாவின் குடியால் வீடு கலைந்து வகுப்பில் முரண்டு பிடிப்பவன் என்று எல்லார்மேலும் அதே தீர்ப்பு விழுகிறது. இது அறமா? தவறு செய்த பிள்ளையைப் பள்ளி கைகழுவலாமா?

கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. தண்டனை வேறு, கைவிடுதல் வேறு. குற்றம் செய்த பிள்ளையைச் சட்டம் விசாரிக்கட்டும், கூர்நோக்கு இல்லத்தில் வைக்கட்டும், அவன் செய்ததன் கனத்தை அவனுக்கு உணர்த்தட்டும். ஆனால் ‘இவன் எங்கள் பிள்ளை இல்லை’ என்று சொல்லும் உரிமை பள்ளிக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை.

டி.சி. என்ற காகிதம் எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு தாய் நிற்கிறாள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மேசைமேல் பதிவேடு திறந்திருக்கிறது. ‘பெற்றோர் விருப்பத்தின்பேரில்’ என்று எழுதிய விண்ணப்பத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அது அவள் விருப்பம் இல்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். நடத்தை என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதப்படுகிறது. அப்படி எழுதினால்தானே அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளும்! பையன் வெளியே வேப்பமரத்தடியில் நின்று செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறான். அவனுடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று அன்று காலையில் யாரும் கேட்கவில்லை. பிரச்சினை அப்படியே இருக்கிறது, முகவரிதான் மாறியிருக்கிறது.

பள்ளி விட்ட கையைப் பிடித்துக்கொள்ள வெளியே பலர் காத்திருக்கிறார்கள். கயிறு கட்டிவிடும் அண்ணன்கள், கோயில் கொடை விழாப் பதாகையில் அவன் படத்தைப் போட்டு ‘சிங்கம்’ என்று எழுதும் சங்கத்துக்காரர்கள், கஞ்சாப் பொட்டலத்தைக் கொடுத்து விற்றுவரச் சொல்கிறவர்கள். இவர்கள் யாரும் அவனிடம் டி.சி. கேட்பதில்லை.

தமிழ் மரபு இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் மக்களைப் பிடித்து வந்து யானைக் காலில் இட முனைந்தான். அப்போது கோவூர் கிழார் குறுக்கே வந்து நின்றார். கொலைக்களத்தில் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, சுற்றி நின்ற புதிய கூட்டத்தைக் கண்டு மருண்ட அந்தக் குழந்தைகளைத்தான் அவர் அரசனுக்குச் சுட்டிக் காட்டினார். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை அரசன் பார்த்தான். அவர்கள் பிள்ளைகள் என்பதைப் புலவர் பார்த்தார். புறநானூற்றின் 46ஆம் பாட்டு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இது. பகைவன் வீட்டுப் பிள்ளைக்கே இந்த இரக்கம் உண்டென்றால், நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இல்லையா?

வள்ளுவரும் இந்தப் பக்கமே நிற்கிறார். தண்டிக்கக் கை ஓங்கும்போது கடுமையாக ஓங்கலாம், விழும்போது அளவோடு விழ வேண்டும் என்பது வெருவந்த செய்யாமையில் அவர் காட்டும் வழி. தீங்கு செய்தவனை நாணவைப்பது அவனுக்கு நன்மை செய்வதே என்கிறது இன்னா செய்யாமை. தன் குற்றத்தை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பிறர் குற்றத்தைப் பார் என்று தலைவனுக்குச் சொல்கிறது குற்றங்கடிதல். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் அரிவாள் வந்தது எப்படி என்ற கேள்விக்குப் பெரியவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது விளங்கும். சாதியைப் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்வதில்லை. வீட்டுத் திண்ணையில், தேநீர்க்கடை பெஞ்சில், கைப்பேசித் திரையில் கற்றுக்கொடுக்கப்படுகிறது.

சட்டமும் இதையே பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைக்கும் புதிதாகத் தொடங்கும் உரிமை உண்டு என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். வெட்டுப்பட்ட பிள்ளை, வெட்டியவனோடு அதே பெஞ்சில் எப்படி உட்காருவான்? 2012இல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றதை ஆசிரியர் சமூகம் மறக்கவில்லை. களையைப் பறித்தால்தான் பயிர் பிழைக்கும் என்ற உவமையைச் செங்கோன்மை அதிகாரத்தின் முடிவில் வள்ளுவரே வைத்திருக்கிறார். பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு முதன்மையானது. அதற்காகப் பிரித்து வைக்கலாம், வகுப்பை மாற்றலாம், நல்ல துணையோடு வேறு பள்ளிக்கும் மாற்றலாம். ஆனால் வள்ளுவர் களை என்றது கொலையில் ஊறிய கொடியவர்களை. வளரும் பயிர் சற்றுக் கோணினால் குச்சி நட்டுக் கட்டுவதுதான் உழவன் வழக்கம்.

பள்ளியால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் இந்த மண்ணின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். பசியும் ஒரு சமூகப் பிரச்சினைதான். பசியோடு வந்த பிள்ளையிடம் ‘சாப்பிட்டுவிட்டு வா’ என்று சொல்லித் தமிழ்நாடு திருப்பி அனுப்பவில்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1950களில் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனபோது ஊர்மக்கள் அரிசியும் காயும் காசும் கொடுத்துத் தாங்கினார்கள். அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் வாங்கித் தந்தார்கள். 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பள்ளிக்குள் அடுப்பு மூட்டத் துணிந்த சமூகம், பள்ளிக்குள் ஒரு பிள்ளையின் கோபத்தையும் பயத்தையும் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆளை உட்காரவைக்கத் தயங்கலாமா?

ஏனென்றால் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்குநேரி மாணவன் வெட்டுப்படுவதற்கு முன்பே பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விழுந்த ஒவ்வொரு ‘வரவில்லை’ குறியும் ஒரு முறையீடு. விசாரித்தபோது சக மாணவர்களின் துன்புறுத்தலைச் சொன்னான். அதைத் தொடர்ந்தே வெட்டு விழுந்தது. புகாரைக் கேட்டால் மட்டும் போதாது, சொன்ன பிள்ளையைச் சுற்றி அந்தக் கணமே அரண் எழ வேண்டும் என்பதை அந்த இரவு கற்றுக்கொடுத்தது. வருமுன் காக்காதவன் வாழ்வு நெருப்பின் முன் வைக்கோல்போர் என்று வள்ளுவர் எச்சரித்தது இத்தகைய அசட்டையைத்தான்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளையும் அடையாளங்களையும் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீங்க வேண்டும், வருகைப் பதிவேடு மாணவரின் சாதியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பள்ளி நல அலுவலர்களை அமர்த்த வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. இவற்றில் எதற்கும் பெரும் செல்வம் வேண்டாம், மனம்தான் வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீடு தேடிப் போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழு கட்டடத்தையும் கழிப்பறையையும் பேசிய பிறகு பிள்ளைகளையும் பேசட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதினால் போதாது. அதை அழைத்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்காத நம்பிக்கையையும் பள்ளி தரட்டும்.

ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பெற்றெடுப்பது, சான்றோனாக்குவது, வேல் வடித்துக் கொடுப்பது, நன்னடை தருவது என்று ஒரு மகனை ஆளாக்கும் கடனைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வருக்குப் பிரித்துக் கொடுத்தார் புறநானூற்றுப் புலவர் பொன்முடியார். யாரும் தன் கடனை அடுத்தவர்மேல் தள்ளவில்லை. இன்று தாய் பள்ளியைக் கைகாட்டுகிறாள், பள்ளி காவல்நிலையத்தைக் கைகாட்டுகிறது, காவல்நிலையம் வீட்டைக் கைகாட்டுகிறது. பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறான். கொடைப் பதாகையில் பள்ளிச் சிறுவர் படம் வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் போதும், பாதிக் கயிறு அவிழ்ந்துவிடும்.

மணிமேகலைக் காப்பியம் சொல்லும் ஆபுத்திரனின் கதையையும் தமிழர் மறக்கக் கூடாது. பெற்றவள் கைவிட்ட குழந்தை அவன். பசுவைக் காத்ததற்காக அவனை ஊரார் விரட்டினார்கள், அவனது பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அந்தக் கையில்தான் பின்னாளில் அமுதசுரபி வந்து சேர்ந்தது. அதே பாத்திரத்தை ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குள் போய் அதை அறக்கோட்டமாக்கினாள். சிறையையே அறச்சாலையாக்கலாம் என்று நினைத்த மரபில் வந்தவர்கள், அறச்சாலையாக இருக்க வேண்டிய பள்ளியின் கதவைச் சாத்துவது தகாது.

ஆகவே, தலைமையாசிரியரே, அடுத்த முறை அந்தப் பதிவேட்டைத் திறக்கும் முன், வேப்பமரத்தடியில் நிற்பவனை உள்ளே கூப்பிடுங்கள். உட்காரச் சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவன் பேசும்வரை காத்திருங்கள். வாசலில் நிற்கும் தாயும் அதைக் கேட்கட்டும். அவனுக்குச் சேர வேண்டிய தண்டனை சேரட்டும்; அதற்குப் பிறகும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கப்படாமல் இருக்கட்டும். அந்தப் பெயர் அங்கே இருக்கும்வரை நம் கடன் தீரவில்லை என்பதை அது நமக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும்.