பிரமாதம் என்னும் பகைவன்

சங்கீத சபையில் வித்வான் ஒரு ராகத்தை விரிவாகப் பாடி முடித்ததும் ரசிகர்கள் மெய்ம்மறந்து ‘பிரமாதம்!’ என்கிறார்கள். தமிழில் இச்சொல் பாராட்டைக் குறிக்கிறது. ஆனால் ஸம்ஸ்கிருதத்தில் இதற்குக் கவனக்குறைவு, அசட்டை, செய்ய வேண்டியதை மறந்திருத்தல் என்று பொருள். மகிழ்ச்சியால் மயங்குதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த சொல் இது. மயக்கும் மகிழ்ச்சியும் கடமையை மறத்தலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலன்று. ஆழ்ந்த உண்மை ஒன்று இதில் உள்ளது.

தைத்திரீய உபநிஷத்தில், கல்வி முடித்து வீடு திரும்பும் சீடனுக்கு ஆசாரியர் உபதேசம் செய்கிறார். சத்தியம், தர்மம், தன் நலம், செழிப்பு, வேதத்தை ஓதுதலும் ஓதுவித்தலும், தேவர்களுக்கும் பிதுர்களுக்கும் உரிய கடமைகள் ஆகிய ஒவ்வொன்றையும் சொல்லி, இதில் பிரமாதம் கூடாது என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். சத்தியத்தை வெறுக்காதே, தர்மத்தை எதிர்க்காதே என்று அவர் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டு குருகுலத்தில் வளர்ந்தவன் அவற்றை வெறுக்க மாட்டான், ஆனால் மறந்துவிடக்கூடும் என்பதை அவர் அறிவார். நல்ல பழக்கத்தை யாரும் ஆலோசித்து முடிவு செய்து கைவிடுவதில்லை. அது நழுவிப் போகிறது.

வசதியில் வரும் மறதி

திருவள்ளுவர் இதற்கென்றே ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரம், 54-ஆம் அதிகாரம், அமைத்துள்ளார். பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. அளவு கடந்த கோபத்தைவிட, பெருமகிழ்ச்சியில் திளைப்பதால் வரும் மறதி தீமையானது என்பது அந்த அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. துன்பம் வந்தால் கடவுளை மறப்போம் என்று நாம் எண்ணுகிறோம். மறதி பெரும்பாலும் இன்பத்தோடு வருகிறது என்கிறார் வள்ளுவர்.

மும்பைத் தமிழன்பர்களின் வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்களுக்கு வசதி என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் 1913-லேயே அங்கு கணேசருக்கு ஆலயம் எழுந்தது. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் சிறு வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் ஆஸ்திக சமாஜமும் பஜனை சமாஜமும் வேரூன்றின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. செம்பூரில் அஹோபில மடமும், செட்டா நகரில் முருகன் ஆலயமும் பின்னர் எழுந்தன. இவற்றைக் கட்டிய கைகளில் செல்வம் குறைவு, நினைவு மிகுதி. இன்று வசதி பெருகியிருக்கிறது. ஆலயங்களும் இருக்கின்றன. நினைவும் அதே அளவில் இருக்கிறதா என்பதே ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

புகையில்லாத தீ

சயானில் உள்ள ஷண்முகானந்தா அரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. 1990-இல் தீவிபத்து அதைப் பாழாக்கியது. அன்பர்கள் சோர்ந்துவிடாமல் பொருள் திரட்டிப் புதுப்பித்தார்கள். 1998-இல் அரங்கம் மீண்டும் திறந்தது. கண்ணெதிரே எரிந்ததை மீண்டும் கட்டிவிடுகிறோம். ஆனால் வீட்டில் மாலை விளக்கேற்றும் பழக்கம் எரிந்துபோனால் புகை எழுவதில்லை, மணி அடிப்பதில்லை, யாரும் ஓடி வருவதில்லை. இழந்தோம் என்பதே தெரியாத இழப்பை எப்படி மீட்பது?

இத்தீ பரவும் விதத்தைக் கவனிப்போம். முதலில் வருவது விதிவிலக்கு: ‘இன்று ஒரு நாள் மட்டும்.’ அடுத்தது ஒத்திவைப்பு: ‘பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், ஓய்வு பெற்ற பின் பார்க்கலாம்.’ மூன்றாவது பதிலாள்: வீட்டில் பூஜை நின்றுபோகிறது, ஆலயத்தில் அர்ச்சனைக்குப் பணம் கட்டிவிட்டு மனம் ஆறுதல் அடைகிறோம். நான்காவது படியில், எதற்காக அதைச் செய்தோம் என்பதே மறந்துபோகிறது. ‘இது எதற்கு அப்பா?’ என்று குழந்தை கேட்டால், ‘தாத்தா செய்தார்’ என்பதற்கு மேல் விடை இல்லை. ஐந்தாவது படியில் கேள்வியும் இல்லை. மகன் மரபை மறுத்தவனல்லன். அதை அவன் கண்டதே இல்லை.

விவேகசூடாமணியில் ஸ்ரீசங்கரர் இதற்கு ஓர் உவமை தருகிறார். மாடிப்படியின் உச்சியில் விளையாடும்போது கை நழுவிய பந்து ஒவ்வொரு படியாகக் குதித்துக் கீழே போய்விடுகிறது. முதல் படியிலேயே எட்டிப் பிடித்தால் உண்டு. பிரமாதமே மரணம் என்று ஸனத்ஸுஜாதர் திருதராஷ்டிரனுக்கு மகாபாரதத்தில் உபதேசித்ததும் இதனால்தான். உடல் விழுவதற்கு வெகு முன்னரே, விழிப்பு நீங்கிய மனம் விழுந்துவிடுகிறது.

எதை மாற்றலாம், எதை விடக்கூடாது?

‘சுவாமி, விடியற்காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்புகிறோம். நேரம் எங்கே?’ என்று அன்பர்கள் கேட்பது நியாயமே. பழக்கத்தின் வடிவம் வேறு, நோக்கம் வேறு. தேச காலத்திற்கேற்ப வடிவம் சுருங்கலாம், மாறலாம். நோக்கம் நழுவினால்தான் நஷ்டம்.

மும்பையின் மின்ரயில்களில் தினமும் பஜனை செய்தபடி பயணம் செய்யும் குழுக்கள் உண்டு. நிற்கவும் இடமில்லாத பெட்டியில் கைத்தாளத்தோடு இறைவன் நாமம் ஒலிக்கிறது. நேரம் இல்லை என்று அவர்கள் இறைவனை விடவில்லை. பயணத்தையே வழிபாடாக்கிக்கொண்டார்கள். தாராவியில் தை முதல் நாளன்று 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிறார்கள். முற்றம் இல்லை, வயல் இல்லை. பலருக்கு அன்று வேலை நாள். தெருவே அவர்களுக்கு முற்றமாகிவிட்டது. வடிவம் மாறியும் நன்றியறிதல் என்ற நோக்கம் அப்படியே நிற்கிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் ஆலயங்கள் மூடப்பட்டன. மகாராஷ்டிரத்தில் அவை அவ்வாண்டு நவம்பர் 16 அன்று திறந்து, மறு ஆண்டு மீண்டும் மூடப்பட்டு, 2021 அக்டோபர் 7 அன்று திறந்தன. ஆலயம் செல்வதன் நோக்கத்தை அறிந்தவர்கள் அந்நாட்களில் வீட்டின் ஒரு மூலையையே சன்னிதியாக்கினார்கள். வெறும் வழக்கமாகச் சென்றவர்களுக்கோ இடைவெளியே புதிய வழக்கமாகிவிட்டது. பொருள் தெரிந்த பழக்கம் தடையில் வளரும், பொருள் தெரியாத பழக்கம் தடையில் மடியும்.

சொம்பு தங்கமாகும் வரை

ஞானம் கைவந்த பின்னும் ஏன் நாள்தோறும் தியானம் செய்கிறீர்கள் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் தம் குரு தோதாபுரியிடம் கேட்டார். பளபளக்கும் தம் பித்தளைச் சொம்பைக் காட்டி, தினமும் தேய்க்காவிட்டால் இது கறுத்துவிடும் அல்லவா என்றார் குரு. சொம்பு தங்கமானால் கறுக்காதே என்றார் ஸ்ரீராமகிருஷ்ணர். அவருடைய மனம் தங்கம். நம்முடையது இன்னும் பித்தளைதான். ஆகவே தினமும் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எப்படித் தேய்ப்பது? முதலாவது, சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர பூஜையைச் சங்கல்பித்து வாரத்தில் நின்றுபோவதைவிட, ஐந்து நிமிட ஜபம் ஆயுள் முழுதும் தொடர்வது மேல். இரண்டாவது, நேரத்தை உறுதி செய்யுங்கள். 8.12 வண்டி நமக்காகக் காத்திராது என்பதால் அதைத் தவறவிடுவதில்லை. இறைவன் காத்திருப்பான் என்பதால் அவனைத் தள்ளிவைக்கிறோம். அவனுடைய பொறுமையை நம் சோம்பலுக்குச் சாதகமாக்கலாகாது. மூன்றாவது, குழந்தைகள் காணும்படி செய்யுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் பெரியோரிடமும் நூல்களிலும் தேடிக் கற்றுச் சொல்லுங்கள். நான்காவது, ஒரு நாள் தவறினால் வருந்திக்கொண்டிராமல் மறுநாளே தொடங்குங்கள். பந்து முதல் படியில்தான் இருக்கிறது.

இந்த யோகம் நீண்ட காலத்தால் மறைந்துபோயிற்று என்று கீதையின் நான்காம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனிடம் கூறுகிறார். மறைந்ததற்காக அவர் யாரையும் பழிக்கவில்லை. அந்தப் பழைய யோகத்தையே இன்று உனக்குச் சொல்கிறேன் என்று மீண்டும் தொடங்குகிறார். போர்க்களத்தின் நடுவில் அது தொடங்க முடிந்ததென்றால், நெருக்கடி மிக்க நம் நகர வாழ்விலும் இன்று மாலையே தொடங்க முடியும். விளக்கையும் திரியையும் எடுத்து வையுங்கள். குழந்தையை அருகில் அழையுங்கள். விழிப்புடன் இருக்கும் ஆற்றலை எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக!